சிலேட்டில் எழுதிய ‘ஏல’

தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நான் பாடம் எடுத்த இரண்டாவது வருடம், மதராஸிலிருந்து ரயில் பார்சலில் ஒரு பெட்டி வந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. கெட்டி அட்டையில் செய்த பச்சைப் பெட்டி. மூலைகளில் தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே நூற்றுக்கு மேல் படக் கார்டுகளும் ஆசிரியருக்கு ஒரு கையேடும் இருந்தன. பிள்ளைகளைச் சீக்கிரமாக வாசிக்க வைக்கும் புது முறை என்றார் தலைமையாசிரியர். வெளியூரில் இருக்கிற சில தமிழ்ப் பள்ளிகளுக்குச் சோதனைக்காகக் கொடுத்திருக்கிறார்களாம். வருடக் கடைசியில் மதராஸிலிருந்தே ஒரு அம்மாள் வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பார். அதுவரை கார்டில் ஒரு கீறல் விழக் கூடாது என்றும் சொன்னார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீடு மாட்டுங்காவில். அப்பாவுக்கு ஆபீஸ் வேலை. தினமும் காலையில் ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தே பள்ளிக்கு வந்துவிடுவேன். நடை இருபத்தைந்து நிமிஷம்தான், ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் பேசுகிற தமிழும் அந்தப் பக்கம் பேசுகிற தமிழும் வேறு. முதல் வருடம் முதல் நாள் வகுப்பில், “யாருக்காவது ஜலம் வேணுமா?” என்று கேட்டேன். ஒரு கை எழவில்லை. பிறகு ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம், “டீச்சர் என்னமோ திங்கதுக்குத் தாராவ போல” என்றது. அன்றைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. நல்ல தமிழ் என்றால் அது எங்கள் வீட்டில் பேசுகிற தமிழ் என்று எனக்கு ஓர் எண்ணம். மூக்கின்மேல் கோபமும் உண்டு.

கையேட்டை ஒரே மூச்சில் படித்தேன். எனக்குப் பிடித்துப்போயிற்று. ‘அ, ஆ’ என்று ஐம்பது பிள்ளைகளைக் கத்த வைக்கிற வேலை இனி இல்லை. ஒவ்வொரு கார்டிலும் ஒரு படம், அதன் பக்கத்தில் பெரிதாக ஓர் எழுத்து. பிள்ளை கார்டை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்து, படத்தின் பெயரைத் தனக்குத் தானே சொல்லிப் பார்க்க வேண்டும். பெயர் எந்த ஓசையில் தொடங்குகிறதோ அதுதான் அந்த எழுத்து. மரம் என்றால் ம, மாடு என்றால் மா. இதில் முக்கியமான விதி, ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது. குழந்தை தானாகக் கண்டுபிடித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று அதை இரண்டு இடத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் கார்டும் கையுமாக மூலைக்கு மூலை உட்கார்ந்து முணுமுணுத்தார்கள். ஐம்பது முணுமுணுப்பு சேர்ந்தால் அது சந்தைக்கடை இரைச்சல்தான், ஒரு சொல்லும் தனியாகக் காதில் விழாது. ஆனால் பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மூன்று மாதத்தில் பாதிப் பேர் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் தடுமாறினார்கள். தடுமாறினவர்களில் கடைசி ஆள் ஒரு பெண் குழந்தை.

அவளுக்கு ஒன்றாம் வகுப்பில் அது இரண்டாவது வருடம். முதல் வருடம் தங்கை பிறந்ததால் வீட்டு வேலையாக இருந்து, பள்ளிக்கு வந்த நாள்களை விரல்விட்டு எண்ணலாம். அப்பா சோப்புப் பட்டறையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் குழந்தையைப் போலக் கார்டோடு உட்கார்ந்தவர்கள் யாருமில்லை. ஒவ்வொரு கார்டையும் கையில் பிடித்து, உதட்டை அசைத்து, சிலேட்டில் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவாள். அவ்வளவும் செய்து அவள் எழுதிக் காட்டியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரிந்ததில்லை. மண்டையில் ஏறவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தலைமையாசிரியர் வகுப்பைப் பார்க்க வந்தார். அவரும் திருநெல்வேலிக்காரர்தான். நெற்றியில் திருநீறும் கையில் குடையுமாக, மழை இல்லாத மாதத்திலும் அப்படித்தான் வருவார். “ஆளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்க. ஒங்களுக்கு என்ன இஷ்டமோ அத எழுதுங்க” என்றார். பிள்ளைகள் எழுதினார்கள். ‘மாடு’ என்று பத்துப் பேர், ‘படம்’ என்று நாலு பேர். அந்தக் குழந்தை சிலேட்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக் காட்டினாள். ‘ஏல’ என்று எழுதியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏலக்காய் என்று எழுத ஆரம்பித்துப் பாதியில் நின்றிருக்கிறாள், பரவாயில்லையே என்று நினைத்தேன். தலைமையாசிரியரின் முகம் சிவந்துவிட்டது.

“யாரப் பாத்து ஏலன்னு எழுதிருக்கா இவ? பாத்தியளா டீச்சர்?”

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். அவர்கள் ஊரில் சின்னப் பையன்களைக் கூப்பிடுகிற கூப்பாடு அது. “ஏல, இங்க வா” என்பார்கள். பெரியவர்களைப் பார்த்து அப்படிச் சொன்னால் அடிதான் விழும்.

“என்னடி இது?” என்று நானும் அவளை எழுப்பி நிறுத்தினேன்.

“சீல டீச்சர்” என்றாள்.

“என்னது?”

“சீல. எங்கம்மைக்கு எடுத்திருக்கு.”

எழுதியிருப்பது ‘ஏல’, வாயில் வருவது சீலை. தலைமையாசிரியர், செய்த தப்பை மறைக்கப் பொய் வேறு சொல்கிறாள் என்று நினைத்தார். “ரெண்டாவது வருசம் இதே கிளாஸ்ல இருக்கா. எழுத்தும் வரல, மரியாதையும் வரல. மெட்ராஸ் அம்மா வரும்போது வாசிக்கலன்னா இவ பேர எடுத்துருவோம். எடம் இல்லாம எத்தன பிள்ளைய வெளிய நிக்குதுவ” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இடம் கேட்டு நின்றவர்கள் நிஜமாகவே இருந்தார்கள்.

மறுநாள் அவளுடைய அம்மா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. “படிப்பு ஏறலன்னா விட்டுருங்க டீச்சர். நானும் பட்டறைக்குப் போவணும்னு இருக்கேன். சின்னதப் பாத்துக்கிட வீட்ல ஒரு ஆள் வேணும்லா” என்றாள். அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் துணி காயப் போட வேண்டும் என்பதைப் போலச் சொன்னாள். பக்கத்தில் அந்தக் குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுக் குழந்தை. இந்த வகுப்பைவிட்டுப் போனால் அவளுக்கு இன்னொரு வகுப்பு கிடையாது.

அன்று மணி அடித்த பிறகு அவளை நிறுத்திவைத்தேன். கரும்பலகையில் பெரிதாக ‘ஏ’ என்று எழுதி, “இது என்ன?” என்று கேட்டேன்.

என்னை நேராகப் பார்த்து, “சீ” என்றாள்.

கை ஓங்கிவிட்டேன். நிஜமாகவே ஓங்கினேன். முந்தின நாள் ஏல, இன்றைக்குச் சீ. ஆனால் அவள் பின்வாங்கவில்லை, கண்ணில் பயமும் இல்லை. சரியான பதிலைச் சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம் அது. அந்த முகம் எனக்குத் தெரியும். நானே அப்படி எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். ஓங்கிய கை இறங்கிவிட்டது.

“இதைச் சீன்னு யாருடி சொன்னா?”

அவள் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, தேடாமலே ஒரு கார்டை உருவிக்கொண்டு வந்தாள். ஏணிப் படம். பக்கத்தில் பெரிய ‘ஏ’.

“சீடி” என்றாள். “சீ.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சந்தில் மேல் வீட்டுக்கு ஏறுகிற ஏணி எல்லாருக்கும் சீடிதான். தமிழ்க்காரர், மராத்திக்காரர், உத்தரப் பிரதேசத்துக்காரர் எல்லாரும் ஹிந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். ஏணி என்று ஒரு சொல் அவள் காதில் விழுந்ததே இல்லை. பெயரை யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. சீடி என்றால் முதல் எழுத்து சீ. சீயோடு லட்டுப் படத்தில் இருக்கிற ல சேர்ந்தால் சீல. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. கையேட்டில் சொன்னபடி அப்படியே நடந்தவர்கள் அந்த வகுப்பில் இரண்டே பேர்: நானும் அவளும்.

“இது சீ இல்லைடி, ஏ” என்றேன்.

“ஏயா?”

“ஆமாம், ஏ.” அதற்குள் என் கை அடுத்த கார்டுக்குப் போய்விட்டது. இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்கிற அவசரம். அணிலைக் காட்டினேன். “எலி” என்றாள். தாராவியில் அணிலை அவள் எங்கே கண்டாள்! ஆகவே அவளுக்கு ‘அ’ என்பது எ. துடைப்பத்தைக் காட்டினேன். “வாரியல்” என்றாள், அது அவர்கள் ஊர்ச் சொல். ஆகவே ‘து’ என்பது வா. குடத்தைக் காட்டினேன். “அண்டா” என்றாள். பம்பாயில் குழாயடிக் குடத்துக்கு ஹண்டா என்று பெயர். அதில் ஹ விழுந்து அண்டா ஆகியிருந்தது. ஆகவே ‘கு’ என்பது அ.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வீட்டுப்பாட நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவளுடைய எழுத்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, காப்பியை ஆறவிட்டு, பக்கம் பக்கமாகப் படித்தேன். நாலு மாதமாகக் கிறுக்கல் என்று நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட பக்கங்கள். ஒரு பக்கத்தில் ‘குமமா து’ என்று மூன்று தடவை எழுதியிருந்தாள். பட்டியலைப் பார்த்து மெதுவாகக் கூட்டினேன். அம்மா வா. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. அப்பா பேப்பரை இறக்கி, “என்ன, பரீட்சைப் பேப்பரா?” என்றார். “இல்லேப்பா, லெட்டர்” என்றேன்.

திங்கட்கிழமை முழு வகுப்பையும் பிடித்துக்கொண்டேன். பாடம் கிடையாது. ஒவ்வொரு கார்டாகத் தூக்கிக் காட்டி, “உங்காத்துல இதுக்கு என்ன பேர்?” என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டேன். மூன்று நாள் ஆயிற்று. அவ்வளவு சந்தோஷமான மூன்று நாள் என் உத்தியோகத்தில் பிறகு அதிகம் வரவில்லை. ஊஞ்சலை ஹிந்தியில் ஜூலா என்றார்கள். துடைப்பத்துக்குப் பாதிப் பேர் வாரியல், பாதிப் பேர் ஜாடு. முட்டையைச் சிலர் முட்டை என்றார்கள், சிலர் ஹிந்தியில் அண்டா என்றார்கள். குடமும் அண்டா, முட்டையும் அண்டா. எழுத்தைப் பிடித்துக்கொண்ட பாதி வகுப்பு எப்படிப் பிடித்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் வீட்டில் அண்ணனோ அக்காவோ உட்கார்ந்து பழைய முறையில் ‘அ, ஆ’ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெருமையைத்தான் பெட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கார்டுகளை மாற்றியே ஆக வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். ‘ஏல’ எப்படி வந்தது என்று விளக்கினேன். அவர் ஏணிக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப அந்தப் பிள்ள நம்மள ஏலங்கல” என்றார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி. ஆனால் பேர் எடுக்கிற விஷயத்தில் இறங்கி வரவில்லை. வாசித்தால் இருக்கலாம், வாசிக்காவிட்டால் போக வேண்டும். கார்டின்மேல் காகிதம் ஒட்டிக்கொள்ளச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: “இது தமிழ்ப் பள்ளிக்கூடம் டீச்சர். முட்டையப் போட்டு அண்டான்னு எழுதிராதிய.”

எல்லாப் பிள்ளையும் ஒரே பெயர் சொல்கிற பொருள்களைத் தேட ஆரம்பித்தேன். அது ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. பாலத்தில் நடக்கும்போதும், காய்கறி வாங்கும்போதும், இதை எங்கள் வீட்டில் என்ன சொல்வோம், அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்கள், சந்தில் என்ன சொல்வார்கள் என்றே மனம் ஓடும். சாவி அகப்பட்டது, தமிழிலும் மராத்தியிலும் கிட்டத்தட்ட அதேதான். கோணியும் அப்படியே. ‘அ’வுக்கு எனக்கு வழி கிடைக்காமல் நாலு நாள் திண்டாடினேன். கடைசியில் கல்யாணச் சமையலில் தண்ணீர் கொதிக்க வைக்கிற பெரிய அண்டாவை வரைந்து அணில்மேல் ஒட்டினேன். தமிழில் அது அண்டாவேதான். பிள்ளைகளுக்கும் குழாயடியில் பார்த்த அண்டா. தலைமையாசிரியர் அதைத் தூக்கிப் பார்த்து, தப்புக் கண்டுபிடிக்க முயன்று, முடியாமல் வைத்துவிட்டார். ஏணிமேல் ஏழு புள்ளி வைத்த காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டினேன். ஏழு எல்லாருக்கும் ஏழுதான்.

மற்றப் பிள்ளைகள் பொங்கலுக்குள் சமாளித்துவிட்டார்கள். அவளுக்குத்தான் கஷ்டம். நன்றாக உழைத்துப் படித்ததை மறக்க வேண்டும். கு என்று எழுதினால் கை தானாக நின்றுவிடும், உதடு ‘அ’ என்று குவியாமல் திறக்கும், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு அழிப்பாள். தினமும் மணி அடித்த பிறகு அரை மணி நேரம் அவளும் நானும் உட்கார்ந்தோம். எவ்வளவு தேறினாலும் மெட்ராஸ் அம்மாள் வரும் நாளில் பழைய எழுத்து குறுக்கே வந்து விழுந்தால் என்ன செய்வது என்று எனக்கு உள்ளூர உதறல்தான்.

ஏப்ரலில் அந்த அம்மாள் வந்தார். வெள்ளைக் கைத்தறிப் புடவை, மூக்குக் கண்ணாடி. பெட்டியைத் திறந்ததும் ஒட்டுப் போட்ட கார்டுகள்தான் கண்ணில் பட்டன. “அணிலைக் காணோமே?” என்றார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். “கார்டே வேண்டாம். குழந்தைகள் வாசிக்கட்டும், கேட்கிறேன்” என்று சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தன் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புது வாக்கியம்.

அவள் முறை வந்தபோது அவர் எழுதியது: ‘அப்பா ஏணியில் ஏறினார்.’

வேறு எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, இதுவா வர வேண்டும்! சீ என்று அவள் தொடங்கினால் அந்த அம்மாள் என்ன நினைப்பார்? தலைமையாசிரியர் குடைக்கம்பை இறுகப் பிடித்தார். குழந்தை பலகையைப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள். விரலால் காற்றில் ஏழு புள்ளி குத்தினாள்.

“அப்பா,” என்றாள். “ஏ… ணி… ஏணியில். ஏறி… னார். அப்பா ஏணியில் ஏறினார்.”

“பேஷ்” என்றார் அந்த அம்மாள். தலைமையாசிரியர் என்னைப் பார்க்காமல், “இவ இனி ரெண்டாங்கிளாஸ்” என்றார்.

சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் அவள் அம்மா காத்துக்கொண்டு நின்றாள். பாதி வராந்தாவில் குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், ஏணின்னா என்னது?”

அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தைக் காகிதம் ஒட்டி மூடினேனே தவிர, அதற்குப் பெயர் என்ன என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை. அர்த்தம் தெரியாமலே அவ்வளவு அழகாக வாசித்திருக்கிறாள்.

“சீடிடி” என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். “அப்ப நான் மொதல்லயே சரியாத்தான சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னே.”

“பொறவு எதுக்கு எம் பேர எடுக்கணும்னாவ?”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “எங்களுக்குத்தான்டி படிக்கத் தெரியலை” என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. என் கையை உதறிவிட்டு, “எம்மா, டீச்சருக்குப் படிக்கத் தெரியாதாம்!” என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.